எல்லோருக்கும் முப்பத்திநாலு

அக்கா வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போய் வந்தால் பையை நடு வீட்டில் கொட்ட மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்பங்கரைக்குப் போவார். காயை ஒரு பக்கம், மளிகையை ஒரு பக்கம் எடுத்து வைப்பார். கடைசியில் பைக்கு அடியில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலங்கள் இருக்கும். அவற்றை அரிசி டின் மேல் அடுக்குவார். அங்கேயே யாரும் பிரிக்கக் கூடாது. அவரவர் பொட்டலத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

அதில் இருப்பது பாடி. இப்போதுள்ள பிள்ளைகள் பிரா என்கிறார்கள். இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டுச் சொன்னால் அக்காவில் பாதியைத்தான் சொன்னதாகும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு மூத்த ஓரகத்தி. எங்கள் ஊர் உறுவையாற்றில் ஒரே வாசலில் எதிரும் புதிருமாக எங்கள் இரண்டு வீடும். அவர் பெயரை அவர் இருந்தபோதே நான் சொன்னதில்லை. போன பிறகு சொல்ல நாக்கு எழவில்லை.

அக்காவுக்குக் கண்தான் அளவு. ஒரு பொருள் ஒருத்தருக்குச் சரியா இல்லையா என்பதை அவர் பார்த்தே சொல்லிவிடுவார். சொன்ன பிறகு அது சரியாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பு போட்டுக்கொள்கிறவர் மேல். என் வளைகாப்புக்கு அவர்தான் வளையல் வாங்கி வந்தார். கையில் ஏறவில்லை. சோப்பு நுரை போட்டு, என் கைவிரல்களைச் சேர்த்துப் பிடித்து ஏற்றியே விட்டார். வந்திருந்த பெண்களிடம், "நான் சொன்னன்ல, கரெக்டா இருக்கும்னு" என்றார். பிரசவத்துக்குப் போனபோது நர்சுகள் அதை ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுத்தார்கள். என் மகனுக்கு அவர் வாங்கிய பள்ளிக்கூட ஷூ ஒரு மாதத்துக்குள்ளேயே கடித்தது. பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு நடந்தான். அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒழுங்காக நடக்கக்கூட நான் சொல்லித் தரவில்லை என்று என்னைத்தான் திட்டினார்.

அதே கண்தான் என்னை ஒரு தடவை காப்பாற்றியது. அதையும் சொல்லியாக வேண்டும். முதல் பிரசவத்துக்கு எனக்கு வலி வந்தபோது, அது சூட்டு வலி, கஷாயம் குடித்தால் போய்விடும் என்றார் மாமியார். அக்கா வாசலில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவாமலே உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். ரோட்டில் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த டிராக்டரை நிறுத்தி, வைக்கோலைப் போட்டு என்னை அதில் ஏற்றினார். மாமியார் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்கப்புறம் நான் எப்படி அவர் கண்ணைத் தப்பு என்று சொல்வேன்?

பாடி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அதைக் கடையில் போய் வாங்கியதில்லை. அந்த நாளில் கடையில் ஆண்கள்தான் நிற்பார்கள். அவர்களிடம் போய் எப்படிக் கேட்பது? அக்கா ஒருவர்தான் போவார். புதுப்பெண்ணாக இருந்தபோது முதல் தடவை போனதை எங்களிடம் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் என்ன சைஸ் என்று கேட்டாராம். சைஸ் என்று ஒன்று இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முப்பத்திநாலு போதும் என்று ஒன்றை எடுத்துப் போட்டாராம். அந்தப் பார்வையை இன்னொரு தடவை வாங்க அக்காவுக்கு இஷ்டமில்லை. அடுத்த தடவையிலிருந்து கடைக்குள் நுழைந்ததும் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "முப்பத்திநாலுல நாலு குடுங்க" என்பார். நூல் கடையில் நம்பர் சொல்லி நூல் கேட்பதைப் போல. கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பொட்டலம் பைக்குள் போய்விடும்.

எனக்கு, கடைசி ஓரகத்திக்கு, பக்கத்து வீட்டு நாட்டாமைக்காரர் மருமகளுக்கு, எல்லோருக்கும் அதுதான். ஒல்லியாக இருந்தவள், பிள்ளை பெற்றுப் பருத்தவள், பால் கொடுக்கிறவள், எல்லோருக்கும் முப்பத்திநாலு. ஒருத்தரும் சரியில்லை என்று சொன்னதில்லை. சொன்னால் எங்கே பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்று பேச வேண்டி வரும். அதைவிட, எங்களுக்காக அவர் அந்தக் கடையில் போய் நின்றாரே, அதற்கு மேல் என்ன கேட்பது? நான் பின்பக்கம் கொக்கி எட்டாமல் போனபோது பழைய பாவாடை நாடாவை வெட்டி இரண்டு பக்கமும் தைத்துக் கட்டிக்கொண்டேன். கடைசி ஓரகத்தி ஊக்கு குத்திக்கொண்டாள். அவள் முதுகில் ஊக்கு கீறிய கோட்டை ஒரு நாள் குளத்தங்கரையில் பார்த்தேன். அவள் என் நாடாவைப் பார்த்தாள்.

எனக்கு வயதும் ஏறி, சர்க்கரையும் வந்த பிறகு ஒரு சித்திரை மாதத்தில் அந்தப் புண் வந்தது. இடது பக்கம், மார்புக்கு அடியில், பட்டை அழுத்துகிற இடம். முதலில் வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன். பிறகு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டேன். கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை உரிக்கக் குனிந்தால் வேர்வை அங்கேயே வழிந்து எரியும். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் துணி சதையோடு ஒட்டிக்கொண்டு வரும். துவைத்ததை வெயிலில் விரித்துப் போடவும் முடியாது. புடவைக்கு அடியில் மறைத்துத்தான் கொடியில் போடுவோம். பாதி ஈரத்தோடுதான் மறுநாள் போட்டுக்கொள்வது. ஆடி மாதத்தில் அந்த இடம் நாற ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்காரவே எனக்குப் பயமாக இருந்தது.

சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்சம்மா நான் கையை உடம்போடு ஒட்டி வைத்து நடப்பதைப் பார்த்துவிட்டு, கையில் என்ன என்று கேட்டது. ஒன்றுமில்லை என்றேன். விடவில்லை. தட்டிக்குப் பின்னால் அழைத்துப் போய் ஜாக்கெட்டைத் தளர்த்திப் பார்த்தது. பார்த்ததும் அதன் முகம் மாறிவிட்டது.

"இத்த இன்னா சைஸ்னு வாங்கினீங்கமா?"

முப்பத்திநாலு என்றேன்.

"யாரு சைஸ் இது? உங்குளுது இல்ல. இந்தப் பட்ட இனிமே அந்த எடத்துல படக் கூடாது. உங்க அளவுல, காட்டன்ல, நல்லதா வாங்குங்க. அடுத்த தடவ மாத்திரைக்கு வரும்போது ஆறலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவேன். சக்கரப் புண்ணு. அறுத்துச் சுத்தம் பண்ற மாதிரி ஆயிடும்."

எங்கள் தெருக்கோடியில் ஒருவருக்குச் செருப்புக் கடித்த புண்தான். முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை. எனக்கு அங்கே எதை எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

அன்று முதல் பாடி போடாமல் இருந்தேன். இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. அக்கா வாசலிலிருந்தே பார்த்துவிட்டார். கிட்டே வந்து குரலை இறக்கி, "இன்னாடி சின்னவளே, இப்டி வர்ற? ஆம்பளைங்க கீற வூடு. கிழிஞ்சிபோச்சுன்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?" என்றார். அன்று சாயங்காலமே அரிசி டின் மேல் பொட்டலம் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு போய் நாடா தைத்துக் கட்டிக்கொண்டேன். எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்ன பிறகும் கட்டிக்கொண்டேன். அக்கா வந்து பார்த்து, "இப்ப பாரு, எப்டி லட்சணமா கீது" என்று தோளைத் தட்டினார். அவர் தட்டிய இடம் வலிக்கவில்லை. அடியில் ஈரமாக ஏதோ இறங்கியது. உள்ளே போய்ப் பார்த்தேன். ரத்தம்.

மறுநாள் கொத்துமல்லி விதை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வில்லியனூருக்கு பஸ் ஏறினேன்.

அக்கா வாங்குகிற கடை எனக்குத் தெரியும். இப்போது அந்தக் கடைக்காரரின் மகன் நடத்துகிறார். முஸ்லிம் குடும்பம். வாசலில் நைட்டிகள் தொங்கும். கல்லாவில் அவர் இருந்தார். நான் கடையைத் தாண்டிப் போய், தேர் நிற்கிற இடம் வரை நடந்து, திரும்பவும் கடையைத் தாண்டி வந்தேன். உள்ளே அவர் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தப் பெண் மட்டும் இல்லாவிட்டால் நான் திரும்பித்தான் போயிருப்பேன்.

உள்ளே ஏறினேன். என்ன வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதும் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அந்தப் பெண் வேறெதுவும் கேட்காமல், உள்ளே வாங்கம்மா என்று அழைத்துப் போய்த் திரையை இழுத்துவிட்டது. கடைக்குள் ஒரு மூலையைத் தடுத்துக் கண்ணாடி வைத்திருந்தார்கள். டேப்பை எடுத்து மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று அளந்தது. புண்ணைப் பார்த்தது. அந்த இடத்தில் டேப்பைப் படாமல் தூக்கிப் பிடித்தது.

"நாப்பதும்மா. கப்பும் பெருசா வேணும். இத்தப் போட்டுக்கினு எப்டிம்மா மூச்சு வுட்டீங்க?"

ஒன்றைக் கொடுத்தது. அது முன்பக்கம் குழி விழுந்து நின்றது. இன்னொன்று, கையைத் தூக்கினால் பின்பக்கம் முதுகில் ஏறியது. ஏறினால் அது அளவில்லை என்றது. மூன்றாவதைப் போட்டுவிட்டுப் பட்டைக்குள் தன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தது. குனியச் சொன்னது. நிமிரச் சொன்னது. நான் குனிந்து நிமிர்ந்தேன். எதுவும் கடிக்கவில்லை, எதுவும் நழுவவில்லை. பட்டை புண்ணுக்குக் கீழே, எலும்பு மேல் அகலமாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன். அதே அளவில் இன்னொன்று எடுத்து வருகிறேன் என்று அந்தப் பெண் வெளியே போனது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"முப்பத்திநாலுல மூணு குடுங்க."

தீபாவளி வருகிறது, அக்கா வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்லாவில் இருந்தவர் தன் மனைவியிடம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். உள்ளே ஓர் அம்மா போட்டுப் பார்க்கிறார்கள், கொஞ்சம் இருங்கள் என்றது அந்தப் பெண். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாங்கிக்கொண்டு போகட்டும், நான் அப்புறம் போகிறேன் என்று நினைத்தேன். ஆனால் என் செருப்பு திரைக்கு வெளியே கிடந்தது. பச்சை வார் வைத்தது. அக்காதான் எடுத்துக் கொடுத்தார். அதே மாதிரி ஒரு ஜோடி அவர் காலிலும் இருந்தது.

திரைக்குக் கிட்டே அக்காவின் குரல்.

"சின்னவளே. உள்ள நீயா?"

நான் ஜாக்கெட்டை மாட்டி, புடவையைச் சரிசெய்து, வெளியே வந்தேன். கையில் புது பாடியின் அட்டைப்பெட்டி இருந்தது. அதன் மேல் பெரிதாக நாற்பது என்று போட்டிருந்தது. அக்கா பெட்டியைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

என் மருமகளுக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாடா கட்டிய முப்பத்திநாலை மறுபடியும் மாட்டிக்கொண்டு நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

"எனக்குத்தாங்கா."

"உனக்கு நான் வாங்கித் தந்தது இன்னா ஆச்சு?"

"புண்ணு வந்துட்ச்சிக்கா. அடியில. ஆறல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு சொல்றாங்க."

"எத்தினி நாளா?"

"சித்திரையிலேந்து."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். டிராக்டரில் ஏற்றிய அன்று பார்த்த மாதிரியே பார்த்தார். ஆனால் அன்றைக்குத் தெரிந்தது இன்றைக்கு ஏன் தெரியவில்லை என்று அவர் தேடுவது போல இருந்தது. கல்லாவில் இருந்தவர் நல்ல மனிதர், ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "என் கண்ணெதிர்லதான நடமாடிக்கினு இருந்த" என்றார் அக்கா. அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. எடுத்து வைத்திருந்த மூன்று பொட்டலத்தையும் தொடாமல் இறங்கிப் போய்விட்டார். ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு அரிசி டின் மேல் எதுவும் இல்லை. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினார். என் பிள்ளைகளோடு பேசினார், என் வீட்டுக்காரரோடு பேசினார், என் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர்கூட வைத்தார். என்னோடு மட்டும் இல்லை. விஷயம் எப்படியோ பரவிவிட்டது. கடைசி ஓரகத்தி என்னிடம் மெதுவாக வந்து எந்தக் கடை என்று கேட்டாள். பிறகு பக்கத்து வீட்டு மருமகளும் கேட்டாள். வில்லியனூருக்கு ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது, ஒருத்திக்குப் பல்வலி, ஒருத்திக்கு ரேஷன் கார்டு. அவர்கள் பையோடு திரும்பி வருவதை அக்கா வாசலில் உட்கார்ந்து பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். என் புண் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. நர்சம்மா பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்றது. இதை யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது? சொல்ல வேண்டியவர் எதிர் வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மார்கழியில் ஒரு மத்தியானம், ஆண்கள் எல்லாம் கரும்பு வெட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா என் வீட்டுக்குள் வந்தார். வந்தவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். எனக்குத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று தோன்றியது. அடுப்பிலிருந்த சோற்றை இறக்கிவிட்டு எழுந்து நின்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஜாக்கெட் கொக்கியை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே இருந்ததையும் அவிழ்த்தார்.

இரண்டு தோளிலும் பட்டை பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. கறுத்து, காய்த்துப் போயிருந்தது. மாட்டின் கழுத்தில் நுகத்தடி பட்டுக் காய்த்த இடம் மாதிரி. பக்கவாட்டில் நின்று பார்த்தேன்; மார்புக்கு அடியில், எனக்குப் புண் வந்த அதே இடத்தில், பழைய தழும்புகள். ஒன்றின் மேல் ஒன்றாக.

"எப்ப வந்ததுக்கா?"

"அது வரும், போவும். பெரியவன் வவுத்துல இருக்கச்சயே வந்துது. தானா ஆறிடும்." தோள் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டார். "எல்லாருக்கும் அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேண்டி. அத்தப் போட்டா வலிக்கும், பொம்பளைன்னா பொறுத்துக்கணும்னு. வலிக்காத ஒண்ணு கடையில கீதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

அக்கா இடுப்பிலிருந்து ஒரு நூல் கண்டை எடுத்து, திரும்பாமலே பின்பக்கமாக நீட்டினார்.

"அள. நம்பர்லாம் எனக்குச் சொல்ல வாணாம். முடிச்சு போட்டுக் கடையில கொண்டுபோய்க் குடு. போதும். யார்கிட்டயும் மூச்சு வுடாத."

நூலை அவர் முதுகைச் சுற்றி எடுத்து முன்னால் கொண்டுவந்தேன். அவரை அத்தனை கிட்டத்தில் நான் தொட்டதே இல்லை. மாமியார் மாதிரி அவரும் எனக்கு எட்டி நிற்க வேண்டிய ஆள்தான். இரண்டு முனையும் சேர்ந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"லூசா புடிக்கிற. இஸ்துப் புடி. நான் அவ்ளோ பெருசு இல்ல."

இழுத்துப் பிடித்தால் அவர் சொன்ன அளவுக்கு வரும் என்று எனக்குத் தெரிந்தது. வயிற்றை எக்கி, நெஞ்சை நிமிர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க நின்றுகொண்டிருந்தார்.

"இல்லக்கா. இதுதான் சரி. மூச்ச வுடு."

"எனக்குத் தெரியாததா? இஸ்துப் புடின்றேன்ல."

"மூச்ச வுடுக்கா."

அவர் விடவில்லை. நானும் நூலை இழுக்கவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. பின்னால் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. அப்புறம் அக்கா மெதுவாக மூச்சை விட்டார். விட விட, என் விரலுக்கு நடுவிலிருந்து நூல் நழுவிக்கொண்டே போனது. அது எவ்வளவு கேட்டதோ அவ்வளவும் விட்டுக்கொடுத்தேன். நின்றதும் முடிச்சுப் போட்டேன்.